எஸ்காஃப்ளோனே: ஆறு எபிசோடோடு நிறுத்தியவருக்கு

கேள்வி இதுதான்: ‘தி விஷன் ஆஃப் எஸ்காஃப்ளோனே’ ஜப்பானிய அனிமேயை ஆறு எபிசோடு வரை பார்த்துவிட்டேன், ராட்சத ரோபோ சண்டை என்று நம்பி உட்கார்ந்தால் கதாநாயகி ஹிட்டோமி யாரைப் பார்த்தாலும் முகம் சிவக்கிறாள், எதிர்காலம் சொல்லும் டாரட் சீட்டைக் கலைத்துக் கலைத்துப் போடுகிறாள், எல்லாருக்கும் மூக்கு ஈட்டி மாதிரி நீண்டிருக்கிறது, மேற்கொண்டு பார்க்கலாமா, காதல் காட்சிகளை ஓட்டிவிட்டுப் பார்த்தால் கதை புரியுமா?

பாருங்கள். ஓட்டாதீர்கள். மூக்கு மூன்றாவது எபிசோடுக்குள் பழகியிருக்க வேண்டும், ஆறிலும் பழகவில்லை என்றால் அதற்கு என்னிடம் மருந்து கிடையாது.

காதல் காட்சிகளை ஓட்டினால் என்ன ஆகும் என்று ஊகிக்கவே வேண்டாம், ஒரு முறை செய்தே பார்த்துவிட்டார்கள். 2000-இல் அமெரிக்காவில் ஃபாக்ஸ் கிட்ஸ் சேனல் இந்தத் தொடரை வாங்கியது. பையன்கள் பார்க்கும் நேரத்துக்கு ஏற்ப வேண்டும் என்று முதல் எபிசோடையே தூக்கிவிட்டு, அதிலிருந்து சில துண்டுகளை மட்டும் நினைவுக் காட்சியாகச் சொருகி, ஹிட்டோமியின் பங்கைக் குறைத்து, சண்டையை முன்னால் தள்ளி, இசையிலும் கை வைத்து ஒளிபரப்பினார்கள். பத்து எபிசோடோடு நின்றுபோனது. ஹிட்டோமியைக் குறைத்தால் மிச்சம் இருப்பது இரும்புச் சட்டை போட்ட பொம்மைகள் மோதிக்கொள்ளும் சத்தம்தான். அதற்கு வேறு நூறு தொடர்கள் இருக்கின்றன.

கொஞ்சம் பின்கதை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு வந்த குழப்பம் தொடரின் பிறப்பிலேயே இருக்கிறது. மூலக் கருத்து ஷோஜி கவமொரியுடையது. போர்விமானம் ரோபோவாக மாறும் ‘மாக்ரோஸ்’ வரிசையில் பேர் வாங்கியவர், நேபாளப் பயணம் ஒன்றில் இந்த உலகத்துக்கான பொறி கிடைத்ததாகச் சொல்லியிருக்கிறார். தயாரித்தது சன்ரைஸ் ஸ்டுடியோ. முதலில் இயக்குவதாக இருந்தவர் யசுஹிரோ இமகவா, அவர் ‘குண்டம்’ என்ற இன்னொரு ரோபோ வரிசையின் தொடர் ஒன்றுக்குப் போய்விட்டார். வேலை கொஞ்ச காலம் ஆறிக் கிடந்தபின் கசுகி அகானே வந்தார். வந்தவர் செய்த முக்கியமான காரியம், பையன்களுக்கான ரோபோ கதையாகத் திட்டமிட்டிருந்ததைப் பெண்கள் படிக்கும் ஷோஜோ மாங்கா (படக்கதை) பக்கமாக இழுத்தது. நீளமூக்கு அழகன்கள், கதாநாயகியின் கண் வழியாக நகரும் கதை, எல்லாம் அப்போது வந்தவைதான். இதற்கு முன்பே, 1994-இல், பழைய திட்டத்தை வைத்துப் பையன்கள் பத்திரிகையில் ஒரு மாங்கா ஆரம்பித்துவிட்டது. அதில் வரும் ஹிட்டோமியும் இதில் வரும் ஹிட்டோமியும் அக்கா தங்கை என்றுகூடச் சொல்ல முடியாது. ஆக, இரண்டு குதிரையில் கால் வைத்த மாதிரி உங்களுக்குத் தோன்றினால் தப்பில்லை. ஆனால் இந்தத் தொடர் கீழே விழவில்லை, எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

அப்புறம் ஒரு கணக்கு. 39 எபிசோடாகத் திட்டமிட்டது 26-ஆகக் குறைந்தது. 1996 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை டிவி டோக்கியோவில் ஓடியது. கதையை வெட்டாமல் எபிசோடு எண்ணிக்கையை மட்டும் வெட்டினால் என்ன நடக்கும்? மூன்று எபிசோடில் நடக்க வேண்டியது ஒன்றில் நடக்கும். இரண்டாவது எபிசோடையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹிட்டோமி புது உலகத்துக்கு வந்து சேர்வது, வானத்தில் பூமியும் நிலாவும் சேர்ந்து தொங்குவதைப் பார்ப்பது, வான் என்ற இளவரசன் அரசனாக முடிசூடுவது, கண்ணுக்குத் தெரியாத எதிரிகள் ஃபனேலியா நகரையே கொளுத்துவது, அவனுடைய குரு பல்கஸ் சாவது, எஸ்காஃப்ளோனே என்ற ராட்சத ரோபோ விழிப்பது. ஒரே எபிசோடு! இன்றைய தொடர் ஒன்று இதை வைத்தே பாதி சீசனை ஓட்டிவிடும். நீங்கள் ஆறு எபிசோடு பார்த்தும் ‘எங்கே போகிறது’ என்று கேட்பதற்கு இந்த அவசரமும் ஒரு காரணமாக இருக்கலாம், மூச்சு விடவே இடம் தருவதில்லை.

சரி, காதல் விஷயத்துக்கு வருகிறேன். முதல் எபிசோடை நினைவுபடுத்திப் பாருங்கள். ஹிட்டோமி பள்ளியில் ஓட்டப்பந்தய வீராங்கனை. சீனியர் அமானோ வெளிநாடு போகப்போகிறான். நூறு மீட்டரை 13 வினாடிக்குள் ஓடிவிட்டால் எனக்கு முதல் முத்தம் கொடுப்பீர்களா என்று அவனிடம் கேட்கிறாள். நேராகக் கேட்க தைரியம் இல்லை, ஒரு எண்ணின் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். ஓடினால் உண்டு, ஓடாவிட்டால் இல்லை, முடிவைத் தன் மனசிடமிருந்து பிடுங்கிக் கடிகாரத்திடம் கொடுத்துவிடுகிறாள். ஓடும்போது பாதையின் நடுவில் வாளோடு ஒருவன் வந்து நிற்கிறான், பின்னாலேயே டிராகன். எல்லாரும் இந்த டிராகனைத்தான் பேசுவார்கள். நான் அந்தப் 13 வினாடியைப் பேசுவேன். ஏனென்றால் தொடர் முழுக்க இந்தப் பெண் செய்வது அதையேதான். தனக்கு என்ன வேண்டும் என்று சொல்வதற்குப் பதில் சீட்டைப் போட்டுப் பார்க்கிறாள், தாயத்து மாதிரி கழுத்தில் கிடக்கும் பாட்டியின் பதக்கத்தை ஆட்டிப் பார்க்கிறாள். எதிரியான ஜைபாக் பேரரசும் அதையேதான் செய்கிறது, பெரிய எந்திரத்தை வைத்துக்கொண்டு. எதிர்காலத்தைக் கணித்து, பிறகு அதைத் திருகி வளைக்க அவர்கள் கட்டியிருக்கும் எந்திரம் ஹிட்டோமியின் சீட்டுக்கட்டின் மூத்த அண்ணன். இது பிடிபட்டுவிட்டால் ஒவ்வொரு எபிசோடும் வேறு மாதிரி தெரியும்.

மூன்றாவது எபிசோடில் ஆலன் என்ற வாள்வீரன் வரும்போது அவள் ஏன் அப்படி ஆடிப்போகிறாள் என்று எரிச்சலாக இருந்திருக்கும். ஜப்பானியக் குரலில் பார்த்தீர்களா, ஆங்கில டப்பிங்கிலா? ஜப்பானியத்தில் அமானோவுக்கும் ஆலனுக்கும் ஒரே ஆள்தான் குரல், ஷினிசிரோ மிக்கி. முகஜாடையும் அதேதான். முந்தின நாள் வரை மனசில் வைத்திருந்தவனின் குரல் வேறு உலகத்தில், நீளத் தலைமுடியோடு, வாள் ஏந்தி வந்து பேசினால் பதினைந்து வயதுப் பெண் என்ன செய்வாள்? அவள் ஆலனைக் காதலிக்கவில்லை, விட்டுவிட்டு வந்ததைக் காதலிக்கிறாள். ஆலனும் அவளை அவளாகப் பார்ப்பதில்லை, அவனுக்கும் இழந்துபோனவர்கள் பட்டியல் ஒன்று இருக்கிறது. இந்த ஜோடியின் பிரச்சினை முழுவதும் ஒரு குரல் தேர்வில் சொல்லப்பட்டுவிட்டது. அதனால் முடிந்தால் ஜப்பானியத்திலேயே பாருங்கள். ஹிட்டோமிக்குக் குரல் கொடுத்த மாயா சகமோட்டோவுக்கு அப்போது 16 வயது, பாத்திரத்தின் வயதை ஒட்டிய வயது. சில இடங்களில் குரல் தடுமாறுகிறது, அது நடிப்பா நிஜமா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. முகப்புப் பாடலும் அவர் பாடியதே. அதுதான் அவருடைய முதல் சிங்கிள், தலைப்புக்கு ‘வாக்குறுதி வேண்டாம்’ என்று அர்த்தம். அவசரத்தில் முகப்பைத் தாண்டிவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க மாட்டார்கள். சீட்டும் எந்திரமும் உத்தரவாதம் கேட்டு அலைகிற தொடருக்கு முகப்பில் இப்படி ஒரு பாட்டு.

பெயர்களைப் பற்றி ஒரு குறுக்குப் பேச்சு. ஜப்பானியத் தலைப்பு ‘தென்கூ நோ எஸ்காஃப்ளோனே’, தென்கூ என்றால் ஆகாயம். ஹிட்டோமி என்றால் கண்ணின் பாவை, நம் சொல்லில் கண்மணி. மற்றவர்களுக்குத் தெரியாததைப் பார்ப்பவளுக்குப் பொருத்தமான பெயர். வான் தமிழில் வானம் ஆவது முழுக்கத் தற்செயல், ஆனால் எட்டாவது எபிசோடு பார்த்துவிட்டு இதை நினைத்துப் பாருங்கள்.

இனி நீங்கள் பார்க்கப்போகிறவற்றில் எங்கே கவனம் வைக்கலாம் என்று சொல்கிறேன். எல்லா எபிசோடையும் வரிசையாக விமர்சிக்கப் போவதில்லை, அதற்குப் பொறுமை இல்லை, எல்லாம் ஒரே தரமும் இல்லை.

எட்டும் ஒன்பதும் ஒரு ஜோடி. எட்டில் ஹிட்டோமி உயரத்திலிருந்து விழுகிறாள், வான் தன் சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளிவரும் சிறகுகளோடு பாய்கிறான். அவன் அம்மா வழியில் வந்த, ஊரே சபிக்கப்பட்டதாக நினைக்கிற இனத்தின் அடையாளம் அது. இதுவரை முரட்டுத்தனமாகவே தெரிந்த பையன் ஏன் அப்படி இருந்தான் என்று அந்த ஒரு நொடியில் விளங்கும். ஒன்பதில் அவன் வாயாலேயே அம்மாவைப் பற்றியும் அண்ணன் ஃபோல்கனைப் பற்றியும் சொல்கிறான். சண்டையே இல்லாமல் ஓடும் நேரம் அதிகம், தூங்கிவிடாதீர்கள்.

பத்திலிருந்து பதிமூன்று வரை ஃப்ரெய்ட் நாட்டுக் கதை. சிட் என்ற சின்ன இளவரசன் வருகிறான், அவன் கண்ணின் நிறத்தைத் தலைப்பிலேயே போட்டுவிட்டார்கள், யாருடைய பிள்ளை என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். தொடரிலேயே மிகக் கண்ணியமான மனிதர் இந்தப் பகுதியில் வரும் ஃப்ரெய்ட் கோமகன்தான். எல்லாம் தெரிந்தும் தெரியாத மாதிரி வாழ்ந்தவர். காதல் கதை என்றால் இளசுகள் மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இவரைக் காட்டுவேன்.

ரோபோ சண்டைக்காக வந்தீர்கள் அல்லவா, அதற்கும் தீனி இருக்கிறது. கைமெலெஃப் என்று இவர்கள் சொல்லும் இந்த எந்திரங்களை கிமிடோஷி யமனே வடிவமைத்தார். விண்வெளிக் கப்பல் மாதிரி பளபளக்காமல் கவசம் மாட்டிய குதிரை வீரன் மாதிரி கனமாக நடக்கும், காலடி விழும்போது மண் சிதறும். எஸ்காஃப்ளோனேயின் நீண்ட மேலங்கி காற்றில் அடிப்பதைக் கையால் வரைந்திருக்கிறார்கள் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். ஜைபாக் ரோபோக்களின் கையிலிருந்து திரவ உலோகம் ஈட்டியாக நீண்டு பாய்ந்து திரும்ப உள்ளே போகும், அந்தச் சத்தம் காதிலேயே நிற்கும். ஆனால் மற்ற ரோபோ கதைகளிலிருந்து இது பிரியும் இடம் இரத்த ஒப்பந்தம். வான் தன் இரத்தத்தைக் கொடுத்து எஸ்காஃப்ளோனேயை எழுப்பினான் அல்லவா, அதற்கு விலை உண்டு. ஒரு கட்டத்தில் எந்திரத்தின் மேல் விழும் வெட்டு அவன் உடம்பிலும் விழுகிறது. நடுப்பகுதியில் ஒரு சண்டையில் வான் ஜைபாக் படைத்தலைவன் டிலாண்டோவின் ஆட்களை ஒவ்வொருவராக அறுத்துத் தள்ளுகிறான். இசை ஏறுகிறது, கூட்டுக்குரலில் ‘எஸ்காஃப்ளோனே’ என்று மந்திரம் மாதிரி ஓதுகிறார்கள், கைதட்டத் தோன்றும். அப்புறம் கேமரா டிலாண்டோ பக்கம் திரும்புகிறது. இவ்வளவு நாள் வெறிபிடித்த வில்லனாகத் தெரிந்தவன் நண்பர்களின் பெயரைச் சொல்லிக் கதறுகிறான். வெற்றிக்குக் கைதட்ட வைத்துவிட்டு அந்தக் கையைக் கூச வைக்கும் வேலை அது. இசை யோக்கோ கன்னோவும் ஹஜிமே மிசோகுச்சியும். படத்தை அணைத்துவிட்டு இசையை மட்டும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், நானும் ஒருவன்.

இதே நடுப்பகுதியில் ஒரு சின்னக் காட்சி. வான் ஹிட்டோமியைத் தனியாக நிறுத்தி “நீ எனக்கு வேண்டும்” என்கிறான். அவள் முகம் மாறுகிறது, நமக்கும் அடடா என்றிருக்கிறது. அடுத்த வாக்கியத்தில் “உன் சக்தி வேண்டும், அது இருந்தால் யாரும் என்னை ஜெயிக்க முடியாது” என்று முடிக்கிறான். விழுகிறது ஒரு அறை. சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் தொடரின் காதல் சிக்கல் அவ்வளவும் அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் இருக்கிறது. எல்லாருக்கும் அவளுடைய பார்வை வேண்டும், அவள் வேண்டுமா என்று யாரும் யோசிப்பதில்லை, அவன் யோசிக்க ஆரம்பிக்க இன்னும் பல எபிசோடு ஆகிறது.

இப்போது 19-க்கும் 20-க்கும் வருகிறேன், இவற்றுக்காகத்தான் இவ்வளவு எழுதினேன். 19-ஆவது எபிசோடில் ஜைபாக் படை அனுப்புவதில்லை. அவர்களுடைய விதி எந்திரத்தால் ஹிட்டோமியையும் ஆலனையும் ஒன்று சேர்க்கப் பார்க்கிறார்கள். அவள் வானோடு இருக்கும்வரை எஸ்காஃப்ளோனேயை ஒன்றும் செய்ய முடியாது, அதனால் அவள் மனசைத் திருப்பு. காதலையே ஆயுதமாக ஆக்குகிறார்கள். பாலத்தின் மேல், மழையில், முத்தம். வேறு எந்தத் தொடரிலாவது அது உச்சக் காட்சி, இங்கே அதைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது, ஏனென்றால் யாரோ கைப்பிடியைத் திருகிக்கொண்டிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். வானும் அதைப் பார்த்துவிடுகிறான்.

20-இல் அதைவிட மோசம். ஆலனை விரும்பிய இளவரசி மில்லெர்னாவுக்கும் வணிகன் ட்ரைடனுக்கும் திருமணம். மில்லெர்னா ஹிட்டோமியிடம் வந்து, இந்தக் கல்யாணம் சரியா, சீட்டுப் போட்டுச் சொல் என்கிறாள். ஹிட்டோமி போடுகிறாள். கெட்ட சீட்டு விழுகிறது. நல்லது என்று சொல்லிவிடுகிறாள். பொய். மில்லெர்னா அந்தப் பக்கம் போய்விட்டால் ஆலன் தனக்கு. பேரரசு எந்திரம் வைத்துச் செய்ததை இந்தப் பெண் ஒரு சீட்டை வைத்துச் செய்துவிட்டாள். முதன்முறை பார்த்தபோது எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, இரண்டாம் முறைதான் அது எவ்வளவு துணிச்சலான எழுத்து என்று தெரிந்தது. கதாநாயகியை இப்படிச் சின்னத்தனமாக ஒரு காரியம் செய்ய விட்டு, அதன் பலனை அவள் கண்ணெதிரே நிறுத்துகிற ரோபோ கதைகள் அதிகம் இல்லை. நீங்கள் ‘ஓட்டிவிடலாமா’ என்று கேட்ட பகுதிக்குள் இந்த இரண்டும்தான் வருகின்றன.

அடுத்த பத்தியில் முடிச்சுகளை அவிழ்க்கிறேன், வேண்டாம் என்றால் அதை மட்டும் தாண்டிப் போங்கள்.

ஜைபாக் சக்கரவர்த்தி டார்ன்கிர்க் பூமியிலிருந்து வந்தவர், ஐசக் நியூட்டன். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஹிட்டோமியின் பதக்கம் சரியாக ஒரு வினாடிக்கு ஒருமுறை ஆடும் என்று முதல் எபிசோடிலேயே சொல்லிவிட்டார்கள். ஊசலின் ஆட்டத்தைக் கணக்காக்கிய காலத்து ஆள் ஒருவர் விதியையும் அப்படிக் கணக்காக்கலாம் என்று கிளம்பினால் எப்படி இருக்கும் என்பதுதான் விளையாட்டு. டிலாண்டோ, ஆலன் சிறுவயதில் இழந்த தங்கை செலீனா. ஜைபாக் மந்திரவாதிகள் பிள்ளையைத் தூக்கிப்போய் விதியை மாற்றும் பரிசோதனையில் வேறு ஆளாகவே ஆக்கிவிட்டார்கள். இது திடுக்கிட வைக்க மட்டும் வைத்தது இல்லை. அந்த எந்திரம் ஒரு மனிதரை என்ன செய்யும் என்பதற்குக் கண்ணால் காணும் சாட்சி டிலாண்டோதான்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். 21-க்குப் பிறகு அவசரம் கண்ணை உறுத்துகிறது. நரியா, எரியா என்ற சிறுத்தைப் பெண்களின் முழு வாழ்க்கையும் சில நிமிட நினைவுக் காட்சியில் அடைக்கப்பட்டு, நாம் பாசம் வைப்பதற்குள் முடிந்துவிடுகிறது. பாஸ்ரம் நாட்டுப் பெருங்குண்டு கடைசிக்கு முந்தின எபிசோடில் எங்கிருந்தோ வந்து வெடிக்கிறது, அணுகுண்டை நினைவூட்டத்தான் என்று புரிகிறது, ஆனால் அந்த நாட்டைப் பற்றி அதுவரை நமக்கு ஒன்றும் தெரியாது. வெட்டப்பட்ட 13 எபிசோடுகள் இருந்திருந்தால் இவையெல்லாம் சரியாகியிருக்கும் என்று நினைக்கிறேன். மெர்ல் என்ற பூனைப்பெண்ணின் கத்தல் சிலருக்குத் தலைவலி. எனக்குப் பிடிக்கும், வான்மேல் உள்ள பாசத்தால் வரும் பொறாமையை மறைக்கத் தெரியாத ஒரே ஆள் அவள்தான்.

கடைசிக் காட்சியைச் சொல்லமாட்டேன். முத்தம் வேண்டும், கல்யாணம் வேண்டும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால் திட்டுவீர்கள், பலர் திட்டியிருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. சீட்டு எதையும் சொல்லாத ஒரு இடத்தில் அந்தப் பெண் நிற்கிறாள், முகப்புப் பாடலின் தலைப்பை அப்போது ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

2000-இல் வந்த திரைப்படத்தை இப்போது தொடாதீர்கள். அதே பெயர்கள், வேறு மனிதர்கள். வரைகலை பிரமாதம், ஆனால் அந்த ஹிட்டோமி ஆரம்பத்திலேயே வாழ்க்கை வெறுத்துப்போனவள், நூறு மீட்டர் ஓட மாட்டாள். தொடரை முடித்துச் சில மாதம் கழித்துப் பார்த்தால் போதும்.

இன்றைக்கு ஏழாவது எபிசோடில் ஆரம்பிப்பதாக இருந்தால் ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு உட்காருங்கள். ஏழை முடித்துவிட்டு எட்டுக்கு முன்னால் படுக்கப் போனால் தூக்கம் வராது.